ஐயம் தந்த ஆக்கம்: உ. வே. சாமிநாதையர் வாழ்வில் ஏழு ஆண்டுகள்

சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் கடலை நோக்கி நிற்கும் சிலையைக் காண்பவர்க்குத் தமிழ்த் தாத்தா என்ற பெயர் உடனே நினைவுக்கு வரும். தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்து, முதுமையின் நிறைவோடு நிற்கும் அந்த உருவத்தில் தயக்கத்தின் சாயல் சிறிதும் இல்லை. சங்க நூல்கள் பலவற்றையும் மூன்று பெருங்காப்பியங்களையும் ஏட்டுச் சுவடிகளிலிருந்து மீட்டு அச்சில் நிலைநிறுத்திய பேராசிரியர்க்கு அச்சம் ஏது, ஐயம் ஏது என்றே எண்ணத் தோன்றும்.

ஆனால் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதையரின் வாழ்க்கையை நெருங்கிப் பார்ப்பவர் காண்பது வேறு. தமக்குத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்று இருபத்தைந்தாம் வயதில் திடுக்கிட்டு உணர்ந்த ஓர் இளைஞரை அங்கே காணலாம். அந்த உணர்விலிருந்து அவர் தப்பி ஓடவில்லை. அதை மறைத்துக்கொண்டு வாழவும் இல்லை. ஏழு ஆண்டுகள் அதனோடு உடன் உறைந்தார். அந்த ஏழு ஆண்டுகளின் விளைவே 1887-ஆம் ஆண்டில் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பு.

தமிழைத் தேடி

1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்த அவர்க்கு வீட்டார் இட்ட பெயர் வேங்கடராமன். தந்தையார் சங்கீதத்தில் வல்லவர். கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஆதரிப்பவர் இருக்கும் ஊரை நாடிச் சென்று, கதாகாலட்சேபம் செய்து, கிடைத்ததைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். மகனும் இசையைப் பற்றிக்கொண்டால் பிழைக்க வழி உண்டு என்பது அவர் எண்ணம். மகனுடைய உள்ளமோ தமிழில் சென்றது.

அக்காலத்தில் தமிழ் கற்றவர்க்கு உறுதியான வாழ்வு இல்லை. வடமொழி கற்றால் வைதிக உலகில் மதிப்பு. ஆங்கிலம் கற்றால் அரசாங்க வேலை. தமிழ் மட்டும் கற்பவனுக்கு எவ்விதப் பயனும் இல்லை என்று உறவினர் கருதினர். ஆயினும் மகனுடைய ஆவலைக் கண்ட தந்தையார், தமிழ் சொல்லிக் கொடுக்கும் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் அந்த ஊருக்கே குடும்பத்தைக் கொண்டுசென்றார். அரியலூரில் சடகோபையங்காரும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரும் தத்தமக்குத் தெரிந்ததைக் கற்பித்தார்கள். தமக்குத் தெரிந்தது முடிந்ததும் மேலே செல்க என்று அனுப்பிவைத்த பெருமையும் அவர்களில் சிலர்க்கு உண்டு. எல்லாருடைய விரலும் இறுதியில் மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையே சுட்டியது.

1871-ஆம் ஆண்டில் தந்தையும் மகனும் மாயூரம் சென்றனர். மாணாக்கனாகச் சேர வந்தவனைப் பிள்ளையவர்கள் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆவலோடு வருபவர் பலர், சில நாள் கற்றபின் ஏதேனும் காரணம் சொல்லிப் போய்விடுவதை அவர் பலமுறை கண்டவர். எத்தனை காலமாயினும் மகன் இருந்து கற்பான் என்று தந்தையார் உறுதி கூறிய பின்னரே பாடம் தொடங்கிற்று. சாமிநாதன் என்ற பெயரால் அவர் வழங்கப்பட்டதும் அந்த ஆசிரியர் விருப்பத்தாலேயே.

மாயூரத்தில் அந்நாளில் நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தார். தந்தையாரின் விருப்பப்படி சாமிநாதையர் அவரிடம் இசைப் பயிற்சி பெற்றுவந்தார். இசையில் கவனம் சென்றால் இலக்கண இலக்கியத்தில் புத்தி ஊன்றாது என்பது பிள்ளையவர்களின் கருத்து என்று தெரிந்ததும் இசைப் பயிற்சியை விட்டுவிட்டார். பரம்பரையாக வந்த செல்வம் ஒன்றைத் தமிழுக்காகக் கைவிட்ட நிகழ்ச்சி அது.

ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆசிரியரின் நிழலாக அவர் இருந்தார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள் எனப் பாடம் பெருகியது. பிள்ளையவர்கள் புதிய செய்யுட்களைத் தங்குதடையின்றிச் சொல்ல, அவற்றை ஏட்டில் எழுதும் பேறும் வாய்த்தது. 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், திருவாசகத்து அடைக்கலப் பத்தைக் கேட்டவாறே ஆசிரியர் மறைந்தார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர், ஆதரவற்று நின்ற மாணாக்கரைத் தம்மிடமே இருத்திக்கொண்டார். பாடம் கேட்டவர் பாடம் சொல்பவரானார்.

1880-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றார். அவரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. தம் இடத்துக்குச் சாமிநாதையரே உரியவர் என்று அவர் கல்லூரியாரிடம் பரிந்துரைத்தார். பிரிய மனமில்லாத தேசிகரும் ஆசி கூறி அனுப்பினார். தமிழை மட்டும் நம்பி ஊர் ஊராய் அலைந்த குடும்பத்துக்கு மாதந்தோறும் ஊதியம் என்னும் உறுதி கிடைத்தது. இனிக் குறை ஒன்றும் இல்லை என்ற நிறைவு இருபத்தைந்து வயது இளைஞர்க்கு எழுந்திருந்தால் அதில் வியப்பில்லை.

ஒரு வியாழக்கிழமை

அந்த நிறைவு எட்டே மாதம்தான் நிலைத்தது. அரியலூரிலிருந்து மாற்றலாகிக் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்தார் சேலம் இராமசாமி முதலியார். தமிழன்பர் என்று கேள்விப்பட்டு, 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், வியாழக்கிழமை, சாமிநாதையர் அவரைக் காணச் சென்றார்.

முதலியார் ஆர்வத்தோடு வரவேற்கவில்லை. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டார். மகாவித்துவானிடம் என்ற விடையும் அவர் முகத்தில் மாறுதல் எதையும் உண்டாக்கவில்லை. என்னென்ன கற்றீர்கள் என்பது அடுத்த கேள்வி. சாமிநாதையர் தாம் கற்ற நூல்களை அடுக்கினார். அந்தாதிகளின் வரிசை முடிந்ததும் பிள்ளைத்தமிழ்களின் வரிசை. அதன்பின் கோவைகள், கலம்பகங்கள், தல புராணங்கள், நைடதம், பிரபுலிங்க லீலை, கம்பராமாயணம், இலக்கண நூல்கள். ஒவ்வொரு வரிசை முடியும்போதும் இப்போதாவது இவர் வியப்பார் என்று எதிர்பார்த்தார். முதலியாரோ இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டார். இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களில் எவற்றைப் படித்திருக்கிறீர்கள் என்றும் வினவினார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று பெயர்களையும் சொன்னார்.

சாமிநாதையர் அவற்றைக் கற்றதில்லை. அவர் ஆசிரியரும் அவற்றைப் பாடம் சொன்னதில்லை. இல்லை என்ற விடையோடு அவர் தலைகுனிந்துவிடவும் இல்லை. நூல் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்து அறியும் துணிவு உண்டு என்ற பொருளில் மறுமொழி கூறினார். அந்த மறுமொழிதான் முதலியாரின் மனத்தைத் திருப்பியது. சிந்தாமணிப் பிரதி ஒன்றைத் தேடித் தருவதாகச் சொன்னார், சொன்னபடியே தந்தார்.

வீடு திரும்பிய இளைஞரின் உள்ளத்தில் இரண்டு குரல்கள் மாறி மாறி ஒலித்தன. ஆண்டுக்கணக்கில் ஈடற்ற ஆசிரியரிடம் கற்றவரை எதுவும் கல்லாதவர்போல் ஒருவர் பேசிவிட்டாரே என்ற வருத்தம் ஒன்று. அவர் சொன்ன நூல்களில் உண்மையிலேயே ஏதோ இருந்தால் என்ன செய்வது என்ற கலக்கம் மற்றொன்று. வருத்தத்தை வளர்த்திருந்தால் முதலியார் வீட்டு வாசலை மறுமுறை மிதித்திருக்க மாட்டார். கல்லூரி வேலைக்கு அதனால் குறைவு ஒன்றும் நேர்ந்திராது. அவரோ கலக்கத்தின் பின்னே சென்றார்.

ஏட்டின் முன்

நூல் கிடைத்தால் படித்துவிடலாம் என்ற துணிவு, நூல் கிடைத்தபின் சில நாளிலேயே தளர்ந்தது. சொற்கள் தெரிந்தவை, செய்யுள் நடை புரியாததன்று. ஆனால் கதை மாந்தர் எந்தச் சமயத்தார், எந்த நம்பிக்கையில் நின்று பேசுகின்றனர் என்பது விளங்கவில்லை. சிந்தாமணி சைன நூல். படிப்பவரோ சைவ மடத்தில் வளர்ந்தவர். நச்சினார்க்கினியர் உரை உதவும் என்று பார்த்தால், அது தனக்கே உரை வேண்டுவதாக இருந்தது. மேற்கோளாக அவர் காட்டும் அடிகள் எந்நூலில் உள்ளவை என்ற குறிப்பு இல்லை. பிறர் கூறினர் என்ற அளவோடு உரையாசிரியர் நின்றுவிட, அந்தப் பிறர் யார் என்று சொல்வார் தமிழ்நாட்டில் எவரும் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஏடுகளின் நிலை இத்துன்பத்தைப் பன்மடங்காக்கிற்று. ஓலையில் எழுதினோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவின. காலும் ரகரமும் வேற்றுமையின்றி நிற்கும. செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று காட்டும் இடைவெளியும் கிடையாது. பூச்சி அரித்த துளையையும் ஒடிந்த விளிம்பையும் தாண்டி ஒரு சொல்லைப் பெற்றால், வேறோர் ஏட்டில் அவ்விடத்தில் வேறொரு சொல் இருக்கும். இரண்டில் எது புலவர் வாக்கு என்று முடிவு செய்யும் அதிகாரத்தை யார் தந்தார் என்ற கேள்வி ஒவ்வொரு வரியிலும் எழுந்தது.

இங்கேதான் சாமிநாதையரின் வாழ்வில் மிக அரிய செயல் ஒன்று நிகழ்ந்தது. கல்லூரித் தமிழாசிரியர் மறுபடி மாணாக்கரானார். கும்பகோணத்தில் சைனர்கள் வாழ்கின்றனர் என்று அறிந்து அவர்கள் இல்லம் தேடிச் சென்றார். அவர் சென்ற நாளில் அவ்வீட்டு வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. காரணம் கேட்டார். அவர்கள் பல மாதங்களாகப் பாராயணம் செய்துவந்த சிந்தாமணி அன்று நிறைவேறியதாம். எந்த நூலைத் தமிழுலகம் மறந்துவிட்டது என்று எண்ணி அவர் தனியே உழன்றாரோ, அந்த நூல் தம் வீட்டிலிருந்து சில தெருக்களுக்கு அப்பால் வழிபாட்டுக்குரிய பொருளாக வாழ்ந்துகொண்டிருந்தது.

சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோர் சைன சமயக் கருத்துகளை அவர்க்கு விளக்கினர். அவர் நாள்தோறும் ஐயங்களைக் குறித்துக்கொண்டு சென்றார். கேட்டு வந்ததை மறுபடி நூலோடு பொருத்தினார். பொருந்தாதபோது மறுநாளும் சென்றார். சைவர் ஒருவர் சைன நூலில் இவ்வளவு ஈடுபடுவது தகுமா என்று முணுமுணுத்தவர் இருந்தனர். சைனர்களோ அவருடைய பக்குவத்தைக் கண்டு பவ்விய ஜீவன் என்று அவரை மதித்தனர். நற்கதிக்குத் தகுதியான உயிர் என்பது அவர்கள் வழக்கில் அச்சொல்லின் பொருள்.

மேற்கோள்களின் புதிரும் மெல்ல அவிழ்ந்தது. திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளைப் புரட்டியபோது, நச்சினார்க்கினியர் காட்டிய அடிகள் ஆங்காங்கே கண்ணுக்குப் பட்டன. அவை பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் ஆகிய சங்க நூல்களின் அடிகள். ஒரு காப்பியத்தின் பொருள் தெரியவில்லை என்று தொடங்கிய தேடல் ஓர் இலக்கியக் காலத்தின் வாயிலிலேயே அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது. தமக்கு விளங்காத ஓரடியைக்கூட விளங்கியதாகப் பாவனை செய்து அவர் கடந்திருந்தால் அந்த வாயில் திறந்திராது.

கொடுத்துவிடலாமா?

முதலில் கற்பது மட்டுமே நோக்கமாயிருந்தது. அச்சிட வேண்டும் என்று தூண்டியவரும் இராமசாமி முதலியாரே. கற்பதில் பிழை நேர்ந்தால் அது தம்மோடு நிற்கும். அச்சில் பிழை நேர்ந்தால் அது தமிழ் உள்ளளவும் நிற்கும். இந்த வேறுபாடு சாமிநாதையரை மிக அஞ்சச் செய்தது. அதுவரை பெரிய நூல் எதையும் ஆராய்ந்து பதிப்பித்த பழக்கம் அவர்க்கு இல்லை. கைப்பொருளும் இல்லை.

அந்நிலையில் வந்தது ஒரு பெரிய சோதனை. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை அப்போது கும்பகோணத்தில் வாழ்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். வீரசோழியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் அச்சேற்றிப் பெயர் பெற்றவர். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். சாமிநாதையரிடம் சிந்தாமணிப் பிரதிகள் திருத்தமாக இருப்பதை அறிந்து, அவற்றைத் தம்மிடம் தந்தால் தாமே பதிப்பித்து வெளியிடுவதாகப் பலமுறை வற்புறுத்தினார்.

இதில் பிள்ளையின் நோக்கத்தைக் குறைசொல்ல இடமில்லை. பழந்தமிழ் நூல்கள் அழிந்துவிடலாகாது என்று உழைத்த பெரியார் அவர். யார் வெளியிட்டாலும் நூல் வெளிவந்தால் போதும் என்பது நேர்மையான வாதமே. அதனாலேயே அது சாமிநாதையரின் தயக்கத்துக்கு மிக நல்ல துணையாக வந்து அமைந்தது. தகுதியுள்ளவர் கேட்கிறார், பணவசதி இல்லாதவன் எதற்கு இந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும், கொடுத்துவிட்டால் பிழைக்கும் பழிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. அச்சம் இப்படித்தான் சில வேளைகளில் பணிவின் ஆடையை உடுத்துக்கொண்டு வரும். அவர் மனம் ஓரளவு இளகவும் செய்தது.

அப்போது குறுக்கே நின்றவர் தந்தையார். இத்தனை காலம் உழைத்துத் திருத்திய நூலைப் பிறர் கையில் கொடுக்கலாகாது, இறைவன் அருளால் நீயே அச்சிட்டு முடிப்பாய் என்று அவர் உறுதியாகச் சொன்னார். தமிழில் என்ன பயன் என்று உலகம் கேட்ட நாளில் மகனை அழைத்துக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்ற அதே தந்தை. சாமிநாதையர் பிரதிகளைக் கொடுக்கவில்லை. தாமே பதிப்பிப்பது என்ற முடிவில் அதன்பின் மாற்றம் இல்லை.

முடிவு செய்ததனால் அச்சம் போய்விடவில்லை. அவர் அதனைப் பயன்படுத்தக் கற்றார் என்பதே பொருந்தும். ஒரு பிரதியின் பாடம் ஐயத்துக்கு இடமானால் மற்றொரு பிரதியைத் தேடினார். மடங்கள், வித்துவான்களின் பரம்பரை வீடுகள், சைனர் இல்லங்கள் என்று தேடியதில் இருபத்துமூன்று பிரதிகள் ஒப்புநோக்கக் கிடைத்தன. வேறுபட்ட பாடங்களைக் குறித்துவைத்தார். எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று அகராதி தொகுத்தார். தம் நினைவை நம்பாத மனிதர் செய்யும் வேலைகள் இவை. பின்னாளில் அவருடைய பதிப்புகளுக்கே உரிய சிறப்பு என்று அறிஞர் போற்றிய முகவுரை, நூலாசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், மேற்கோள் விளக்கம், அரும்பத அகராதி யாவும், படிப்பவர் தம்மைப்போல் இருளில் தடுமாறலாகாது என்ற கவலையில் முளைத்தவை.

இதற்குள் இராமசாமி முதலியார் வழக்கறிஞராகச் சென்னையில் குடியேறிவிட்டார். அச்சு வேலை சென்னையிலே நடந்தது. விடுமுறை தோறும் சாமிநாதையர் சென்னைக்குச் சென்று முதலியாரின் உதவியுடன் வேலையைக் கவனித்தார். கல்லூரி நடக்கும் நாட்களில் அச்சுத்தாள்கள் அஞ்சலில் கும்பகோணத்துக்கு வரும். இரவில் திருத்தி அனுப்புவார். கையொப்பக்காரர் தந்த தொகை போதாமல் கடன் பட வேண்டியும் வந்தது. 1887-ஆம் ஆண்டு அக்டோபரில் நூல் முற்றுப்பெற்றது. முதலியாரை முதன்முதலாகச் சந்தித்த அதே அக்டோபர் மாதத்திலிருந்து கணக்கிட்டால் ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கிழித்தெறிந்த தாள்கள்

நூல் வெளிவந்ததும் பாராட்டு நாற்புறமிருந்தும் வந்தது. பின்னாலேயே கண்டனமும் வந்தது. பிழை கண்டுபிடித்தோமென்று அச்சிட்டுப் பரப்பிய துண்டுத்தாள்கள் சாமிநாதையரின் கைக்கு வந்தபோது, ஏழாண்டுகளாக அவர் அஞ்சியது நேரில் வந்து நின்றதுபோல் ஆயிற்று. கண்டனங்களில் பெரும்பாலானவை பொருளற்றவை. அவர் விரிவாக ஒரு மறுப்பு எழுதினார். அதனைத் தம்மோடு கல்லூரியில் பணியாற்றிய சாது சேஷையரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

சேஷையர் முழுவதும் கேட்டார். பின் அந்தத் தாள்களை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார். இப்படி மறுமொழி எழுதத் தொடங்கினால் வாழ்நாள் முழுதும் அதற்கே போய்விடும். செய்ய வேண்டிய நல்ல வேலைகள் நின்றுவிடும் என்பது அவர் அறிவுரை. சாமிநாதையர் அந்த அறிவுரையை வாழ்நாள் நெறியாகக் கொண்டார். கண்டனத்தில் உண்மை இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்தம் ஏறும். இல்லையென்றால் மௌனமே விடை. சிந்தாமணியை அவர் பின்னரும் திருத்தி மறுபதிப்புகள் வெளியிட்டார். தம் நூலைத் தாமே ஐயுற்றுத் திருத்துபவர்க்குப் பிறர் கண்டனம் புதிதாகச் செய்யக்கூடிய தீங்கு சிறிதே.

அதன்பின் தேடல் நின்றதே இல்லை. திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராக அலைந்து பயனின்றித் தளர்ந்திருந்தபோது, ஆழ்வார் திருநகரியில் கவிராயர் ஒருவர் கொணர்ந்த சுவடியில் பத்துப்பாட்டு முழுவதும் இருக்கக் கண்டார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளைக் கேட்டுச் சென்றபோது, அவை நெய்யில் தோய்த்துத் தீயில் இடப்பட்டுவிட்டன என்ற சொல்லையே பெற்றுத் திரும்பினார். குறிஞ்சிப் பாட்டில் மலர்ப் பெயர்கள் வரும் அடிகள் பல பிரதிகளில் இல்லாமற் போயிருந்தன; தருமபுர ஆதீனத்து ஏடு அக்குறையை நிரப்பியது. ஒரு நாள் தாமதித்தால் ஒரு நூல் போய்விடும் என்ற அச்சம், பிழை நேருமோ என்ற பழைய அச்சத்தைவிடப் பெரிதாகிவிட்டது. பெரிய அச்சத்தின் முன் சிறிய அச்சம் அடங்கிற்று.

1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று நூல்கள் வெளிவந்தன. மணிமேகலையில் வரும் பௌத்தக் கோட்பாடுகளை அறியக் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியாரின் துணையை நாடினார். சிந்தாமணிக்குச் சைனர் வாயிலில் நின்ற அதே மாணாக்கர் நிலைதான். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் அவர் ஒருபோதும் கூச்சம் கொண்டதில்லை. ஐங்குறுநூறு 1903-இலும், பதிற்றுப்பத்து 1904-இலும், பரிபாடல் 1918-இலும், பெருங்கதை 1924-இலும் வந்தன. எண்பத்திரண்டாம் வயதில், 1937-இல், தாமே எழுதிய உரையுடன் குறுந்தொகையை வெளியிட்டார்.

முதியவரின் ஒப்புதல்

பெருமைகள் தாமே தேடி வந்தன. 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம். 1906-இல் மகாமகோபாத்தியாய பட்டம். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்கு, தம்மைக் கும்பகோணம் கல்லூரிக்குக் கொண்டுவந்த தியாகராச செட்டியாரின் பெயரால் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். தம் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி நிலைபெறச் செய்தார்.

எண்பத்தைந்தாம் வயதை அணுகியபோது தம் வரலாற்றை எழுத இசைந்தார். 1940-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அது ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. பட்டங்கள் பல பெற்ற முதியவர், அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமையன்று ஒரு முன்சீபின் முன் அமர்ந்து விடை தெரியாமல் நின்ற கதையைத் தமிழுலகம் முழுவதும் அறிய எழுதினார். அந்தச் சந்திப்பை நேரிற் கண்டு சொல்வார் வேறு எவரும் அப்போது இல்லை. அவர் எழுதாது விட்டிருந்தால் அது எவர்க்கும் தெரிந்திராது. தம் வாழ்வின் திருப்புமுனை தாம் வென்ற இடத்தில் இல்லை, தம் அறியாமை வெளிப்பட்ட இடத்திலேயே இருக்கிறது என்று அவர் கருதினார் போலும். அந்நூலைப் படிப்பவர் நெஞ்சில் முதலில் நிற்பதும் அந்தப் பகுதியே.

இரண்டாம் உலகப் போரின்போது சென்னையில் குண்டு விழும் என்ற அச்சம் பரவியது. அவர் குடும்பத்தோடு திருக்கழுக்குன்றம் சென்று தங்கினார். அங்கே 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் காலமானார். தன் வரலாறு மணிமேகலைப் பதிப்பின் காலத்தை ஒட்டி முற்றுப்பெறாமல் நின்றது.

அவர் திரட்டிய சுவடிகளும் குறிப்பேடுகளும் சென்னைப் பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் இருக்கின்றன. வாழ்நாள் முழுதும் ஐயத்தைத் துணையாகக் கொண்ட ஒருவரின் அடையாளங்கள் அவை. எழுத முனைந்து, தனக்கு இது இயலுமா என்று பேனாவை வைத்துவிடும் ஒவ்வொரு படைப்பாளிக்கும் அவர் வாழ்வு சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஐயம் தீர்ந்தபின் தொடங்கலாம் என்று சாமிநாதையர் காத்திருக்கவில்லை. ஐயத்தை ஏட்டின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தார். சிந்தாமணி தமிழர்க்கு மீண்டும் கிடைத்தது அவ்வாறுதான்.